ஜெபமும் துஆவும் ஒரே மைதானத்தில்: லைபீரியப் பெண்களின் 2003

லைபீரியப் போரில் கடவுளைத் துணைக்கு அழைக்காத தரப்பே கிடையாது. அதிபர் சார்ல்ஸ் டெய்லர் வேத வசனம் சொல்லிப் பேசுகிறவர், வெள்ளை உடையில் பிரசங்கியாரைப் போல மேடையேறுகிறவர். அவரை வீழ்த்தக் கிளம்பிய ‘லர்ட்’ கிளர்ச்சிப் படையில் பெரும்பகுதி மாண்டிங்கோ முஸ்லிம்கள். இரு பக்கமும் ஜெபம் நடந்தது, தொழுகை நடந்தது. முடிந்ததும் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். 2003 ஏப்ரலில் தலைநகர் மன்ரோவியாவில் மீன்சந்தையை ஒட்டிய மைதானத்தில் வெள்ளை உடுத்தி வந்து உட்கார்ந்த பெண்களும் அதே கடவுளைத்தான் கூப்பிட்டார்கள். நான்கு மாதத்தில் டெய்லர் நாட்டை விட்டுப் போனார். அடுத்த வாரமே சமாதான ஒப்பந்தம் கையெழுத்தானது.

இதை வைத்து, ஜெபம் போரை நிறுத்தியது என்று எழுதுகிறவர்கள் உண்டு. அமெரிக்கா மிரட்டியது, டெய்லர் ஓடினார், பெண்கள் பக்கத்தில் நின்று பாடினார்கள், அவ்வளவுதான் என்பவர்களும் உண்டு. இரண்டுமே சோம்பேறி விளக்கங்கள். அந்தப் பெண்களின் விசுவாசமும் ஈமானும் எங்கே வேலை செய்தன, என்ன வேலை செய்தன, எங்கே கைவிட்டன என்று நிகழ்ச்சி நிகழ்ச்சியாகப் பார்த்தால் விஷயம் வேறு மாதிரி தெரிகிறது.

பின்னணி

அமெரிக்காவில் அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பின மக்கள் 1822 முதல் வந்து குடியேறிய மேற்கு ஆப்பிரிக்கக் கடற்கரை லைபீரியா. 1847-ல் தனி நாடு. வந்தேறிகளின் வாரிசுகள் ஆண்டார்கள், மண்ணின் மக்கள் ஆளப்பட்டார்கள். 1980-ல் சாமுவேல் டோ என்ற ராணுவ சார்ஜன்ட் ஆட்சியைப் பிடித்தார். தன் இனமான கிரான்களை மேலே வைத்தார், கியோ, மானோ இனத்தவரை வேட்டையாடினார். 1989 கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் டெய்லரின் படை ஐவரி கோஸ்ட் எல்லையைத் தாண்டி உள்ளே வந்தது.

அதன் பிறகு 14 ஆண்டு. நடுவில் ஓர் இடைவெளி விழுந்தது, 1997-ல் தேர்தலும் நடந்தது. டெய்லர் நான்கில் மூன்று பங்கு வாக்கு வாங்கி ஜெயித்தார். ‘என் அம்மாவைக் கொன்றான், என் அப்பாவைக் கொன்றான், ஆனாலும் என் ஓட்டு அவனுக்கே’ என்பது அந்தத் தேர்தலில் தெருவெங்கும் கேட்ட கோஷம். தோற்றால் மறுபடி காட்டுக்குள் போய்ச் சண்டை போடுவான், ஜெயிக்க வைத்துவிட்டால் சும்மா இருப்பான் என்று மக்கள் போட்ட கணக்கு அது. ஒரு சமூகம் எவ்வளவு களைத்துப்போயிருந்தால் இப்படி ஒரு பாட்டைப் பாடிக்கொண்டு வரிசையில் நிற்கும் என்று நினைத்துப் பாருங்கள். கணக்கும் பொய்த்தது. 1999-ல் லர்ட் வடக்கிலிருந்து வந்தது, 2003-ல் ‘மோடெல்’ என்ற இன்னொரு படை கிழக்கிலிருந்து வந்தது. முப்பது லட்சம் பேர் வாழ்ந்த நாட்டில் மொத்தச் சாவு சுமார் இரண்டரை லட்சம் என்று பொதுவாகச் சொல்கிறார்கள்.

இந்த ஆய்வுக்கு ஒரு கட்டடம் முக்கியம். மன்ரோவியாவின் புனித பேதுரு லுத்தரன் தேவாலயம். 1990 ஜூலை 29 இரவு, அங்கே அடைக்கலம் புகுந்திருந்த கியோ, மானோ குடும்பங்களை டோவின் சிப்பாய்கள் வெட்டியும் சுட்டும் கொன்றார்கள். சுமார் 600 பேர். தேவாலயத்துக்குள் இருந்தால் தொடமாட்டார்கள் என்று நம்பி வந்தவர்கள் அவர்கள். பன்னிரண்டு ஆண்டு கழித்துப் பெண்கள் சமாதானத்துக்காக ஜெபிக்க முதலில் கூடியது இதே வளாகத்தில்தான். கர்த்தர் காப்பார் என்று அந்தச் சுவர்களுக்குள் யாரும் லேசாகச் சொல்லிவிட முடியாது.

கனவு வந்தவள்

இந்தப் பெண்களுக்குத் தலைமை தாங்கிய லேமா குபோவிக்குப் போர் தொடங்கியபோது 17 வயது. பள்ளிப் படிப்பை முடித்த கையோடு ஓடத் தொடங்கினார். கானாவில் அகதி வாழ்க்கை, அடிக்கும் துணைவன், அடுத்தடுத்துக் குழந்தைகள், கடைசியில் பிள்ளைகளோடு பெற்றோர் வீட்டுக்குத் திரும்பல். போரின் ஆரம்பத்திலேயே கடவுளோடு கோபித்துக்கொண்டவர் என்று அவரே பல இடங்களில் சொல்லியிருக்கிறார். 1998 வாக்கில் லுத்தரன் திருச்சபையின் மனக்காயம் ஆற்றும் திட்டத்தில் தொண்டராகச் சேர்ந்தார். அங்கே அவருக்குக் கொடுத்த வேலை, டெய்லரின் படையில் சிறுவர்களாக இருந்து கைகால் இழந்து திரும்பியவர்களோடு உட்கார்ந்து பேசுவது. பக்தி அவரை அந்த வேலைக்குக் கொண்டுவரவில்லை. வேலை தேவைப்பட்டது, போனார். அந்த வேலைதான் பிறகு அவரை ஜெபத்துக்குத் திருப்பியது.

பெண்களைக் கூட்டிச் சமாதானத்துக்காக ஜெபம் பண்ணு என்று ஒரு குரல் சொல்வதாக அவருக்குக் கனவு வந்தது 2002 வாக்கில். எழுந்ததும் அவர் நினைத்தது, ஆள் மாறி வந்துவிட்டது என்பதுதான். தான் குடிக்கிறவள், மணம் செய்யாத ஒருவரோடு வாழ்கிறவள், இந்தச் செய்தியைச் சபையில் உள்ள யாராவது நல்ல விசுவாசியிடம் சேர்த்துவிட வேண்டும் என்று அலுவலகத்துக்குப் போய்ச் சொன்னார். அங்கிருந்த மூத்த பெண் ஊழியர், கனவு யாருக்கு வந்ததோ அவரேதான் அதைச் சுமக்க வேண்டும் என்று இல்லை, வா, எல்லோருமாக ஜெபிப்போம் என்று முழங்காலில் நின்றார். செவ்வாய்க்கிழமை தோறும் நண்பகலில் ஜெபம் என்று ஆனது. தொடக்கத்தில் இருபது பேர் இருந்திருப்பார்கள். சில நாள் உபவாசமும் சேர்ந்துகொண்டது.

கனவை நம்புவதா வேண்டாமா என்பது வாசகர் பாடு. எனக்கு அதில் உறைப்பது வேறொன்று. தகுதி இல்லாதவள் என்று தன்னைக் கருதியவள் தலைமைக்கு வந்தது பின்னால் பெரிய வசதியாகப் போயிற்று. மைதானத்துக்கு வந்தவர்களில் பலர் பாலியல் வன்முறைக்கு ஆளானவர்கள், முகாம்களில் கிடந்தவர்கள், சபையில் தலைநிமிர்ந்து உட்காரக் கூச்சப்பட்டவர்கள். பரிசுத்தவாட்டி யாராவது கூப்பிட்டிருந்தால் அவர்களில் எத்தனை பேர் வந்திருப்பார்கள்?

ஜெபம் ஜெபமாகவே நின்றிருந்தால் இந்த ஆய்வுக்கு வேலை இல்லை. வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடியும் நேரம் பள்ளிவாசல் வாசலுக்கு, சனிக்கிழமை சந்தைக்கு, ஞாயிறு தேவாலயங்களுக்கு என்று துண்டறிக்கைகளோடு போனார்கள். பிள்ளைகள் சாவதைப் பார்த்து அலுத்துவிட்டோம், பெண்களே எழுந்திருங்கள், சமாதானப் பேச்சில் உங்களுக்கும் குரல் உண்டு என்பதுதான் அறிக்கையின் சாரம். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குப் படம் வரைந்து காட்டியிருந்தார்கள். இந்த அலைச்சலுக்கு உள்ளூரில் அமைப்பு பலமும் இருந்தது என்பதை மறந்துவிடக் கூடாது. மேற்கு ஆப்பிரிக்க அமைதி வலையமைப்பின் பெண்கள் பிரிவு குபோவிக்குப் பயிற்சியும் பொறுப்பும் கொடுத்திருந்தது. ஆகவே ‘கனவு, ஜெபம், அற்புதம்’ என்று ஒரு கோடு போட்டுவிட முடியாது. கனவுக்கும் மைதானத்துக்கும் நடுவே ஏராளமான கூட்டக் குறிப்புகளும் பேருந்துக் கட்டணமும் இருக்கின்றன.

ஒரே முஸ்லிம்

கிறிஸ்தவப் பெண்கள் கூட்டம் ஒன்றில் பின்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்தார். அஸாத்து பா கென்னத். லைபீரியக் காவல்துறையில் உயர் பொறுப்பில் இருந்தவர். இந்தத் தேவாலயத்தில் இப்போது இருக்கும் ஒரே முஸ்லிம் நான், எல்லோரும் ஒரே இறைவனைத்தான் வணங்குகிறோம், நான் போய் முஸ்லிம் பெண்களைத் திரட்டுகிறேன் என்றார். டெய்லரின் அரசில் சீருடை போட்டுக்கொண்டு இப்படிச் சொல்வது சாதாரணம் இல்லை. சொன்னபடியே முஸ்லிம் பெண்களுக்கென ஓர் அமைப்பைக் கட்டினார்.

உடனே எல்லோரும் கைகோத்துவிடவில்லை. முஸ்லிம்களோடு சேர்ந்து ஜெபித்தால் நம் விசுவாசம் நீர்த்துப்போகும் என்று கிறிஸ்தவப் பெண்களில் ஒரு பகுதியினர் முகம் சுளித்தார்கள். மாண்டிங்கோக்கள் என்றாலே லர்ட் என்று பார்க்கிற நகரம் அது, பயமும் கலந்திருந்தது. லுத்தரன் பெண்கள் சங்கத்தில் இருந்த வைபா ஃப்ளோமோ ஒரு கேள்வி கேட்டார். துப்பாக்கிக் குண்டு ஆள் பார்த்துத் தேர்ந்தெடுக்குமா, இவள் கிறிஸ்தவள், அவள் முஸ்லிம் என்று அதற்குத் தெரியுமா? வேத விளக்கம் எதுவும் வைக்கவில்லை. சமயங்களுக்கிடையே உரையாடல் என்று மாநாடு போட்டுப் பேசுகிறவர்கள் ஆண்டுக்கணக்கில் தொடுகிற இடத்தை ஒரு கேள்வியில் தாண்டினார்கள். ஒருவர் நம்பிக்கையை மற்றவர் ஏற்கவில்லை, கலக்கவும் இல்லை. மைதானத்தில் முஸ்லிம் பெண்கள் தம் முறைப்படி துஆ செய்தார்கள், கிறிஸ்தவப் பெண்கள் தம் முறைப்படி ஜெபித்தார்கள். வரிசை மாறி மாறி வந்தது.

போரிடும் இரு தரப்புக்கும் இது ஒரு சிக்கலைக் கொண்டுவந்தது. இவர்கள் லர்ட்டின் ஆட்கள் என்று டெய்லரால் முத்திரை குத்த முடியவில்லை, கிறிஸ்தவப் பெண்கள் நிறைய இருந்தார்கள். டெய்லரின் ஆட்கள் என்று லர்ட்டாலும் சொல்ல முடியவில்லை. அரசியல் பேசும் எந்தச் சங்கத்துக்கும் அன்று மன்ரோவியாவில் இந்தப் பாதுகாப்பு இருக்கவில்லை.

மைதானம்

2003-ன் தொடக்கத்தில் ஏழு பெண்கள் பத்து டாலரோடு ஓர் அறையில் உட்கார்ந்து இந்த இயக்கத்தைத் தொடங்கியதாகத் தன் நோபல் உரையில் குபோவி சொன்னார். ஏப்ரலில் அது மீன்சந்தைக்கு அருகிலிருந்த மைதானத்துக்கு வந்தது. இடத் தேர்வு தற்செயலாக நடக்கவில்லை. டெய்லரின் கார்கள் அலுவலகத்துக்குப் போகும்போதும் திரும்பும்போதும் அந்தச் சாலை வழியாகத்தான் போயாக வேண்டும். கோரிக்கை மூன்று: நிபந்தனை இல்லாத உடனடிப் போர்நிறுத்தம், பேச்சுவார்த்தை, நாட்டுக்குள் வெளிப் பாதுகாப்புப் படை. டெய்லர் தெரு ஊர்வலங்களுக்குத் தடை போட்டிருந்தார். இவர்கள் ஊர்வலம் போகவில்லை, உட்கார்ந்தார்கள்.

வெள்ளை டி-ஷர்ட், இடுப்பில் நம் கைலி போலச் சுற்றும் லாப்பா, தலையில் வெள்ளைத் துணி. நகை கிடையாது, பூச்சு கிடையாது. தன் இனத்தைக் காப்பாற்ற எஸ்தர் ராணி அரசன் முன்னால் போய் நின்றபோது அவள் மக்கள் இரட்டுடுத்திச் சாம்பலில் கிடந்ததாக வேதாகமம் சொல்கிறதே, அதை மனதில் வைத்துத்தான் இந்த எளிய உடை என்று குபோவி விளக்கியிருக்கிறார். அதற்கு நடைமுறைப் பயனும் இருந்தது. சந்தைக்காரி யார், வக்கீல் யார், முகாமில் இருப்பவள் யார் என்று பார்த்துச் சொல்ல முடியாது. அமெரிக்க வாரிசுக் குடும்பம், உள்நாட்டு இனம் என்ற பிளவில்தான் இந்தப் போரின் வேரே இருந்தது என்பதை நினைவில் கொண்டால் அந்த வெள்ளைத் துணியின் எடை புரியும்.

காலையில் வருவார்கள், மாலையில் போவார்கள். முகாம்களில் இருந்தவர்கள் விடியும் முன்பே நடக்கத் தொடங்கினார்கள். முதலில் வெயில், பிறகு மழை. மன்ரோவியாவின் மழையைச் சென்னையில் இருப்பவர்களுக்குச் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம். நமக்கு ஆண்டுக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் என்றால் அங்கே 4,500-க்கு மேல், அதில் பெரும்பகுதி மே முதல் அக்டோபருக்குள் கொட்டித் தீர்த்துவிடும். இந்த மழையில் ‘பெண்களுக்குச் சமாதானம் வேண்டும், இப்போதே வேண்டும்’ என்று எழுதிய பதாகையோடு உட்கார்ந்திருந்தார்கள். முதல் நாள் டெய்லரின் கார்வரிசை வேகம் குறைத்துப் பார்த்துவிட்டுப் போனது. அடுத்த நாளும் போனது. ஒன்றும் நடக்கவில்லை.

இந்த ஒன்றும் நடக்காத நாட்களில்தான் இந்த நிகழ்வின் சூட்சுமம் இருக்கிறது. அரசியல் போராட்டத்துக்குப் பலன் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் மூன்றாம் வாரம் கூட்டம் கரையும். வழிபாட்டுக்கு வருகிறவர் அன்றைக்குப் பலன் கேட்டு வருவதில்லை. நேற்று தொழுதும் மழை பெய்யவில்லையே என்று யாரும் இன்றைய தொழுகையை விடுவதில்லை. பலன் இல்லாமலே திரும்பத் திரும்பச் செய்யும் பழக்கத்தைச் சிறு வயதிலேயே இந்தப் பெண்களுக்கு அவரவர் சமயம் கற்றுக்கொடுத்திருந்தது. அந்தப் பழக்கத்தை எடுத்து மைதானத்தில் வைத்தார்கள். எதிர்காலம் நன்றாக இருக்கும் என்ற உற்சாகம் அவர்களிடம் பொங்கி வழிந்ததாகத் தெரியவில்லை. அலுப்பும் கோபமும்தான் அவர்கள் பேச்சில் அதிகம். ஆனாலும் மறுநாள் காலை மைதானத்தில் இருந்தார்கள்.

இந்தப் பெண்கள் நடத்திய உடலுறவு மறுப்புப் போராட்டத்தைப் பற்றியும் ஒரு வரி சொல்லிவிடுகிறேன். உலகப் பத்திரிகைகள் அதைத்தான் தலைப்பாக்கின. கணவன்மார் தாங்களாகவே போருக்கு எதிராக ஏதாவது செய்யட்டும் என்று தொடங்கியது அது. நடைமுறையில் பெரிய விளைவு எதுவும் இல்லை, ஆனால் பத்திரிகைகளின் கவனத்தை ஈர்க்க உதவியது என்று குபோவியே சொல்லிவிட்டார். அதற்கு மேல் அதில் எதுவும் இல்லை.

அதிபர் மாளிகை

ஏப்ரல் 23 அன்று டெய்லர் அவர்களைச் சந்திக்க ஒப்புக்கொண்டார். நூற்றுக்கணக்கான பெண்கள் மாளிகைக்குப் போனார்கள். குபோவி பேசினார். போர் அலுத்துவிட்டது, ஓடி ஓடி அலுத்துவிட்டது, நிவாரணக் கோதுமைக்குக் கையேந்தி அலுத்துவிட்டது, பிள்ளைகள் நாளை எங்களைப் பார்த்து அம்மா அந்த நேரத்தில் நீ என்ன செய்தாய் என்று கேட்பார்கள் என்றார். பேச்சை டெய்லரை நோக்கி வைக்காமல், மேடையில் இருந்த ஒரே பெண்ணான செனட் தலைவர் கிரேஸ் மைனரிடம் முறையிட்டு, அதை அதிபரிடம் சேர்க்கும்படி கேட்டது நல்ல சாதுரியம். பெண்கள் கைகோத்து உட்கார்ந்திருந்தார்கள். டெய்லர் பேச்சுவார்த்தைக்குப் போக ஒப்புக்கொண்டார்.

அடுத்து லர்ட். அவர்கள் தலைவர்கள் பக்கத்து நாடான சியரா லியோனின் ஃப்ரீடவுனுக்கு வருகிறார்கள் என்று தெரிந்ததும் பெண்களில் ஒரு குழு அங்கே போய் அவர்களையும் மறித்தது. அவர்களும் சரி என்றார்கள். ஜூன் 4-ம் தேதி கானாவில் பேச்சுவார்த்தை. நைஜீரியாவின் முன்னாள் ராணுவ ஆட்சியாளர் ஜெனரல் அப்துல்சலாமி அபுபக்கர் நடுவர்.

கானா

பேச்சு தொடங்கிய நாளிலேயே சியரா லியோன் சிறப்பு நீதிமன்றம், அந்நாட்டில் நடந்த குற்றங்களுக்காக டெய்லர் மீது போர்க்குற்ற வழக்கு இருப்பதை வெளியிட்டது. கானா அவரைக் கைது செய்யவில்லை. அவர் அன்றே மன்ரோவியா திரும்பினார். லர்ட் தலைநகரைச் சுற்றி வளைத்தது. ஜூன், ஜூலையில் நகரம் மூன்று முறை தாக்கப்பட்டது, மக்களே அதற்கு ஒன்றாம், இரண்டாம், மூன்றாம் உலகப் போர் என்று பெயர் வைத்தார்கள். குண்டு விழும்போதும் மைதானத்துக்கு வருவதைப் பெண்கள் முழுக்க விட்டுவிடவில்லை.

கானாவில் நிலைமை வேறு. போர்த் தளபதிகள் நல்ல ஓட்டலில் தங்கி, யாருக்கு எந்த அமைச்சகம் என்று பேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். காட்டில் சுட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு நீச்சல் குளம் கிடைத்திருந்தது, அவசரம் எதற்கு? பெண்கள் அங்கிருந்த லைபீரிய அகதிகளையும் திரட்டி வாசலில் உட்கார்ந்து வாரக்கணக்கில் பாடினார்கள். யாரும் சட்டை செய்யவில்லை.

ஜூலை 21 அன்று மன்ரோவியாவில் அமெரிக்கத் தூதரகத்துக்குச் சொந்தமான குடியிருப்பு வளாகத்தில் தஞ்சமடைந்திருந்தவர்கள் மேல் குண்டுகள் விழுந்தன. இறந்தவர்களைத் தூக்கிவந்து தூதரக வாசலில் அடுக்கினார்கள். அந்தக் காட்சிகளைப் பார்த்த குபோவி உடைந்துபோனார். மறுபடி ஜெபக்கூட்டம் எதுவும் அன்று வைக்கவில்லை. சுமார் இருநூறு பெண்கள் பேச்சுவார்த்தை மண்டபத்தின் வாசல்களில் கைகளைப் பின்னிக்கொண்டு உட்கார்ந்தார்கள். ஒப்பந்தம் வரும்வரை உள்ளே இருப்பவர் வெளியே வர முடியாது, சாப்பாடும் தண்ணீரும் போகாது என்று நடுவருக்குச் சீட்டு அனுப்பினார்கள். மண்டபத்தை ஜெனரல் லேமாவும் அவர் படையும் கைப்பற்றிவிட்டார்கள் என்று அபுபக்கர் ஒலிபெருக்கியில் அறிவித்தார்.

காவலர்கள் வந்து, நீதிக்கு இடையூறு செய்ததற்காகக் கைது செய்யப் போகிறோம் என்றார்கள். நீதியா என்று குபோவிக்கு வெறி ஏறியது. உங்களுக்குச் சிரமம் வேண்டாம், நானே அவிழ்த்துவிடுகிறேன் என்று தலைத்துணியைக் கழற்றி, ஆடையைக் களையத் தொடங்கினார். பெற்ற வயதில் இருக்கும் பெண் ஆண்கள் முன்னால் வேண்டுமென்றே நிர்வாணமாவது மேற்கு ஆப்பிரிக்காவில் பெரும் சாபம். காவலர்கள் பின்வாங்கினார்கள். ஒரு தளபதி பெண்களைத் தாண்டிக் குதிக்கப் பார்த்தபோது அபுபக்கர் அவரைக் கடிந்து உள்ளே அனுப்பினார். பேச்சில் முன்னேற்றம் காட்டுவதாக வாக்குறுதி வாங்கிய பிறகே பெண்கள் எழுந்தார்கள்.

அந்த உச்ச நேரத்தில் காரியத்தைச் சாதித்த ஆயுதம் பைபிளிலும் இல்லை, குர்ஆனிலும் இல்லை. இரண்டுக்கும் முந்தைய ஒரு நம்பிக்கை அது. தாயின் சாபத்துக்கு அஞ்சும் பழைய மனம். சபைகளில் இந்தக் கதையைச் சாட்சியாகச் சொல்கிறவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் வேகமாக நகர்ந்துவிடுவதைக் கவனித்திருக்கிறேன். ஜெபம் அவர்களை அந்த வாசல்வரை ஒரு கூட்டமாகக் கொண்டுவந்து சேர்த்தது. வாசலில் பேசியது கோபம்.

எது நிறுத்தியது

ஆகஸ்ட் 4-ல் நைஜீரியப் படை மன்ரோவியாவில் இறங்கியது. 11-ம் தேதி டெய்லர் பதவி விலகி நைஜீரியா சென்றார். விலகல் உரையிலும் தன்னைப் பலியாடு என்றார், தேவன் சித்தமானால் திரும்பி வருவேன் என்றார். 18-ம் தேதி ஒப்பந்தம் கையெழுத்தானது.

இதில் பெண்களின் பங்கு எவ்வளவு? லர்ட் நகரின் துறைமுகம்வரை வந்துவிட்டிருந்தது. மோடெல் ஜூலை இறுதியில் புக்கானன் துறைமுகத்தைப் பிடித்தது. ஐ.நா. விதித்த மர ஏற்றுமதித் தடை ஜூலையில் அமலுக்கு வந்து டெய்லரின் கடைசி வருமானத்தை அடைத்தது. போர்க்குற்ற வழக்கு கழுத்தில் தொங்கியது. டெய்லர் போக வேண்டும் என்று அமெரிக்க அதிபர் புஷ் வெளிப்படையாகச் சொல்லிவிட்டார், அமெரிக்கக் கப்பல்கள் கடலில் நின்றன. இத்தனையும் இருக்கும்போது டெய்லர் எப்படியும் விழுந்திருப்பார் என்றே நினைக்கிறேன். ஆனால் அவர் விழுவதும் போர் நிற்பதும் ஒன்றாகிவிடாது. 1990-ல் டோ பிடிபட்டுச் சித்திரவதையில் செத்தார். போர் அதன் பிறகும் பல ஆண்டு ஓடியது. 2003-ல் அதே கதை திரும்ப நடக்காமல் எல்லாத் தரப்பையும் ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட வைக்க வேண்டியிருந்தது. அவர்களை மேசைக்குக் கொண்டுவந்ததிலும், மேசையிலிருந்து எழவிடாமல் செய்ததிலும் பெண்களின் கை தெளிவாகத் தெரிகிறது.

கையெழுத்துக்குப் பிறகு

பொதுவாகப் போராட்டக் கதைகள் முடிகிற இடத்துக்குப் பிறகுதான் இந்தப் பெண்கள் அதிகப் பயன்பட்டார்கள் என்று சொல்வேன். 15,000 வீரர்கள் வரை அனுப்ப ஐ.நா. முடிவெடுத்தது. டிசம்பர் 7 அன்று ஷீஃபெலின் முகாமில் ஆயுத ஒப்படைப்பு ஆரம்பமானது. எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு போராளிகள் வந்து குவிந்தார்கள், பணம் எங்கே என்று கலவரம் வெடித்தது, சிலர் இறந்தார்கள், திட்டமே நிறுத்திவைக்கப்பட்டது. எச்சரித்த பெண்களின் பேச்சை அதிகாரிகள் காதில் போட்டுக்கொண்டிருக்கவில்லை. பிறகு அதே பெண்கள் முகாம்களுக்குப் போய்ப் பையன்களிடம் பேசினார்கள். மைதானத்தில் உட்கார்ந்திருந்த வெள்ளை உடைக்காரிகளை அந்தப் பையன்களுக்குத் தெரியும், அம்மா என்று கூப்பிட்டார்கள். முடிவில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஆயுத ஒப்படைப்புத் திட்டத்தில் பதிந்தார்கள்.

2005 தேர்தலுக்கு வாக்காளர் பதிவு நடந்தபோது சந்தைக் கடைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வைத்து, குழந்தைகளைத் தூக்கி வைத்துக்கொண்டு, பெண்களைப் பதிவுக்கு அனுப்பினார்கள். எலன் ஜான்சன் சர்லீஃப் இரண்டாம் சுற்றில் கால்பந்து வீரர் ஜார்ஜ் வேயாவைத் தோற்கடித்தார். ஆப்பிரிக்காவில் தேர்தலில் வென்று அதிபரான முதல் பெண். 2007-ல் ஐ.நா.வின் முதல் முழுப் பெண் காவல் பிரிவு லைபீரியா வந்தது, அது இந்தியாவின் சி.ஆர்.பி.எஃப். படை. 2011-ல் சர்லீஃபுக்கும் குபோவிக்கும் யேமனின் தவக்குல் கர்மானுக்கும் சேர்த்து நோபல் அமைதிப் பரிசு கிடைத்தது. அடுத்த ஆண்டே, சர்லீஃப் தன் மகன்களுக்குப் பதவி கொடுக்கிறார், ஊழலைக் கண்டுகொள்ளவில்லை என்று வெளிப்படையாகக் குறைகூறி, அவர் கொடுத்த நல்லிணக்கப் பொறுப்பிலிருந்து குபோவி விலகினார். தேவதைக் கதைக்குப் பொருந்தாத முடிவு. எனக்கு அது பிடித்திருக்கிறது.

விசுவாசத்தின் மறுபக்கம்

1990-ல் டோவைப் பிடித்து, பீர் குடித்தபடியே அவரைச் சித்திரவதை செய்யவைத்து, அதை வீடியோ எடுக்கவும் வைத்தவர் கிளர்ச்சித் தளபதி பிரின்ஸ் ஜான்சன். அவர் பின்னாளில் மனந்திரும்பிப் போதகரானார். 2005 முதல் நிம்பா மாகாணத்தின் செனட்டர், 2024 நவம்பரில் இறக்கும்வரை பதவியில் இருந்தார். ஊர் அவரை மன்னித்தது என்பதைவிட, ஊருக்கு அவர் ஓட்டு வங்கி என்பதே சரி. ஆனால் தேவன் என்னை மன்னித்துவிட்டார் என்ற ஒரு சொல் அவருக்குக் கேடயமாக இருந்தது. அவர் ஒருவர் மட்டுமல்ல, கொலைக்களத்திலிருந்து நேரே பிரசங்க மேடைக்குப் போன தளபதிகள் இன்னும் உண்டு. முடிந்தது முடிந்ததாகப் போகட்டும் என்பது லைபீரியாவில் பிரசங்கமாகவும் ஒலிக்கிறது, அரசியலாகவும் ஒலிக்கிறது.

டெய்லருக்கு 2012-ல் 50 ஆண்டு தண்டனை கிடைத்தது. அது சியரா லியோனில் செய்த குற்றங்களுக்கு. லைபீரியாவில் செய்ததற்கு அவரோ மற்றவரோ லைபீரிய நீதிமன்றம் எதிலும் விசாரிக்கப்படவில்லை. உண்மை அறியும் ஆணையம் 2009-ல் நீதிமன்றம் அமைக்கச் சொன்னது, அறிக்கை அலமாரியில் தூங்கியது. 2024 மே மாதம் அதிபர் ஜோசப் போக்காய் போர்க்குற்ற நீதிமன்றத்தை உருவாக்குவதற்கான அலுவலகம் அமைக்க உத்தரவில் கையெழுத்திட்டார்.

2003-ல் பெண்கள் டெய்லர் கையில் கொடுத்த மூன்று கோரிக்கைகளில் நீதிமன்றம் இல்லை. குண்டு விழுந்துகொண்டிருந்த நகரத்தில் அதைக் கேட்டிருந்தால் ஒருவரும் மேசைக்கு வந்திருக்க மாட்டார்கள். அந்தக் கேள்வியை இப்போது எழுப்புகிறவர்களில், புனித பேதுரு தேவாலயத்தில் உறவுகளை இழந்தவர்களும் இருக்கிறார்கள்.